ஒரு டின் = 390

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபத்திலிருந்து வந்தது. அலகு இல்லாத எண்ணைக் கண்டால் எனக்கு ஆகாது. ‘ஐந்து’ என்று எழுதிவிட்டுப் பேசாமல் போகிறவர்களை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். ஐந்து என்ன? ஐந்து கிலோவா, ஐந்து மைலா, ஐந்து மாமியாரா?

என் பெயர் மவுரீன். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில், வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளை லேடெக்கில் அச்சுக் கோக்கிறேன். (ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடமாகிறது. என் வாய்க்கு இன்னும் வரவில்லை.) லேடெக் தெரியாதவர்களுக்காக: அது கணினியில் கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் முறை. பத்துக்கு மேலே சின்னதாக மூன்று ஏற்ற வேண்டுமா, அதற்கு ஒரு குறி. H-க்குக் கீழே சின்னதாக இரண்டு தொங்க வேண்டுமா, அதற்கு வேறொரு குறி. மில்லிலிட்டர் அச்சாக வேண்டுமென்றால் \milli\litre என்று முழுசாக எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பில் திட்டும். இந்த வீட்டில் என்னைத் திட்டத் துணிச்சல் உள்ள ஒரே ஆள் அதுதான்.

கதையும் எழுதுவேன். இரண்டு வந்திருக்கின்றன. இது மூன்றாவது, வந்தால்.

2

மூன்று தொடக்கம் எழுதினேன். எதையும் குப்பையில் போட மனம் வரவில்லை. நீங்களும் பாருங்கள்.

தொடக்கம் அ: தஞ்சோங் காராங் வயல்களின் மேல் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக—

[வேண்டாம். இந்தக் கதையில் வயலும் இல்லை, கொக்கும் இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை.]

தொடக்கம் ஆ: அமராவதி நல்லவள். மிகமிக நல்லவள். அவளுடைய—

[இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்கு நீங்கள் வரமாட்டீர்கள். தவிர, அமராவதியக்காவை ‘அவள்’ என்று எழுதியது தெரிந்தால் எனக்கு உதை விழும்.]

தொடக்கம் இ: கெட்டிப்பால் டின் உங்களுக்குத் தெரியும். காலியானதும் கழுவி, மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, நம் வீடுகளில் அரிசி அளப்போம். அமராவதியக்கா அதில் களைக்கொல்லி அளந்தார்.

இது சரி. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அமராவதியக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. கோலசிலாங்கூர் போகும் பாதையில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே மருந்தடிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். இவர் அடிப்பதில்லை, கலக்கிக் கொடுக்கிறவர். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஐந்து டின் மருந்து ஊற்றி, கம்பு விட்டுக் கலக்கி, ஒவ்வொருத்தியின் முதுகுப் பம்பையும் நிரப்பிவிடுவார். இருபத்தொரு வருடமாக இவர்தான். வேறு யாரையும் டிரம் பக்கம் அண்டவிடமாட்டார்.

“தள்ளிப் போங்கடி, மேல பட்டா வெந்து போயிரும்” என்று விரட்டுவாராம்.

பிரமிளா இவருடைய மருமகள். மகன் திலீப்புக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. பிரமிளா தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றி முதுகலை ஆய்வு செய்தாள். ஆய்வுப் பொருள் வீட்டிலேயே சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்? மாமியாரின் தோட்டத்தில் மருந்து எவ்வளவு கலக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தாள்.

(மாமியார், மருமகள் என்றதும் சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். எழுந்திருங்கள், அந்தச் சண்டை இதில் கிடையாது. இவள் படிக்க வேண்டுமென்று அவர் மூன்று வருடம் வீட்டு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர். பாசாரில் மீன் வாங்கும்போதுகூட ‘எங்க மருமக மாஸ்டர்ஸ் படிக்கிறா’ என்று மலாய்க்கார மீன்காரரிடம் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொல்வார். அவரும் ‘பாகுஸ், பாகுஸ்’, நல்லது நல்லது என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுவிடுவார்.)

ஆய்வின் முடிவு இதுதான். ஒரு டிரம்முக்கு ஒன்றரை லிட்டர் மருந்து என்று மருந்துக் கேனில் எழுதியிருக்கிறது. ஒரு பால் டின் 390 மில்லிலிட்டர். ஐந்து டின் என்றால் 1,950. முப்பது விழுக்காடு அதிகம்.

மார்ச்சில் தோட்ட ஆபீசில் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் நடந்தது. பிரமிளா போய் இதைப் படம் போட்டுக் காட்டினாள். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, அந்தத் தோட்டத்தில் கலக்குகிறவர் ஒரே ஆள். அடுத்த வாரமே மேனேஜர் அமராவதியக்காவை அந்த வேலையிலிருந்து எடுத்து, மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்.

நாள் முழுக்கக் குனிந்து குனிந்து அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. அது போகட்டும். மருந்தடிக்கும் கூட்டத்தில் அம்சவள்ளி என்று ஒருத்தி. அமராவதியக்காவுக்கு உயிர்த் தோழி. அவளுக்கு ஒரு வருடமாகக் கையில் தோல் வெடிப்பு. “எல்லாம் நீ ஊத்துன ஊத்துதான்” என்று பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அமராவதியக்கா அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கூட வேலை செய்த பெண்களுக்குத் தன் கையாலேயே நஞ்சு ஊற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அவர் நம்பினார். சரியாகச் சாப்பிடவில்லை.

மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீ படிச்சவ. மெசினு கணக்குப் போட்டுச் சொல்லுது. நான் என்னத்தக் கண்டேன்” என்றார்.

4

மே மாதம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. பிரமிளா தேறிவிட்டாள், சின்னத் திருத்தங்கள் மட்டும். தேர்வாளர் எழுதியிருந்தார்: அலகுகளை முறையாக அச்சிடவும். mL/L என்று சாய்கோடு போடாமல் mL L⁻¹ என்று மேற்குறி போடவும். பின்னிணைப்புப் படங்களைப் பெரிதாக்கவும். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்.

அவள் ஆய்வேட்டை அச்சுக் கோத்தவள் நான்தான், குஷியாக உட்கார்ந்தேன். L-இன் தலைமேல் அந்தக் குட்டிக் கழித்தல் ஒன்றை ஏற்றுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.* ‘ஒவ்வொரு லிட்டருக்கும்’ என்று இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியதை அது கடுகளவு இடத்தில் சொல்லிவிடுகிறது. அறுபத்து நான்கு இடத்தில் ஏற்றி முடித்துவிட்டுப் படங்களுக்கு வந்தேன். படம் பி-3, பால் டின். பெரிதாக்கினேன். டின்னின் மேல் ஒட்டிய தாளில் பளிச்சென்று தெரிந்தது: 390 g.

கிராம்!

அது உள்ளே இருந்த பாலின் எடை. கெட்டிப்பால் தண்ணீரைவிடக் கனம். 390 கிராம் பால் அடைக்கும் இடம் 390 மில்லிலிட்டர் இல்லை, அதைவிட நிறையக் குறைவு.

பிரமிளா அவசரக்காரி. தாளில் இருந்த எண்ணைப் பார்த்தவள், கிராமையும் மில்லிலிட்டரையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, அட்டவணையில் 390 மில்லிலிட்டர் என்று—

* அடிக்குறிப்பு: சாய்கோடு போடுகிறவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

5

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் முடிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முந்தைய நான்கு வரைவிலும் முடித்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அது பொய்.

நடந்தது இது. ஜனவரியில் பிரமிளா எனக்கு அனுப்பிய கணக்குத் தாளில் ‘1 டின் = 390?’ என்றுதான் இருந்தது. அலகு கிடையாது. எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. பிறகு அளந்து பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே போட்டுவைத்த குறி. எனக்கு அலகு இல்லாத எண்ணைக் கண்டால் ஆகாது என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? மருந்து திரவம்தானே, திரவத்துக்கு மில்லிலிட்டர்தானே என்று நானே \milli\litre போட்டேன். அட்டவணையில் கேள்விக்குறி நின்றால் அசிங்கமாக இருக்கும் என்று அதையும் எடுத்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

அட்டவணை அழகாக வந்தது. பிரமிளா பார்த்துவிட்டு இதயப் பொம்மை மூன்று அனுப்பினாள்.

எழுதுகிற கதையில் எழுதுகிறவரே தன்னைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு சின்னப் பெண்ணை அவசரக்காரி ஆக்குவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். எனக்கே வெட்கமாக இருந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிரமிளாவுக்குப் போன் போட்டேன். காலி டின் ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். மோட்டாரில் வந்து இறங்கினாள். என்னிடம் கேக் செய்ய வைத்திருந்த அளவுக் கோப்பை இருந்தது. டின்னில் விளிம்புவரை தண்ணீர் பிடித்துக் கோப்பையில் ஊற்றினோம். முந்நூறு மில்லிலிட்டர்.

“அக்கா, இன்னொரு தடவ ஊத்துங்க.”

“ஆறு தடவ ஊத்தியாச்சுலா. தண்ணி என்ன மாறவா போகுது?”

“அஞ்சு டின்னுன்னா ஆயிரத்து ஐந்நூறு. ஒன்னரை லிட்டர்.” அவள் விரல்விட்டு எண்ணியே சொன்னாள், அவ்வளவு படித்தவள். “கேன்ல போட்டிருக்கறதும் அதேதான். அத்த கரெக்டாத்தான் ஊத்திருக்காங்க. அக்கா, அத்த கரெக்டு!”

அப்படியே குசினித் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குறியை எடுத்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எடுத்தது நீங்க” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஆனா எங்க போச்சுன்னு நான் தேடவே இல்லியே. அவ்வளோ அழகா அச்சாகி வந்துச்சு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். கூட்டத்துல போய் வேற பேசிட்டேன். ஆளுக்குப் பாதி வெச்சுக்கலாம்க்கா.”

இங்கே உங்களுக்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. யாரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை. பெரிதாக்கியது நான், சின்னதாக்கவும் என்னால் முடியும். வெள்ளிக்கிழமை ஒப்படைத்தாயிற்று. பட்டமளிப்பு விழாவுக்கு அமராவதியக்கா பட்டுச் சேலை கட்டி, வீங்கிய முட்டியோடு படியேறி வந்து, மருமகளின் தொப்பியைத் தொட்டுப் பார்க்கிறார். பார்த்து—

[இரண்டு பத்தி எழுதினேன். திருப்பிப் படிக்க என்னாலேயே முடியவில்லை.]

முடிவு இரண்டு. ஆய்வேட்டில் 390 என்பதை நான் ஒரே ஓர் இடத்தில்தான் வரையறுத்திருந்தேன். அதை 300 ஆக்கினால் எல்லா அட்டவணையும் தானாக மாறிவிடும். மாற்றியும் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ‘தொழிலாளர்கள் முப்பது விழுக்காடு அதிகமாகக் கலக்கின்றனர்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம். அதை லேடெக் மாற்றித் தராது. மாற்றினால் ஆய்வே வேறு ஆய்வு. சின்னத் திருத்தம் பெரிய திருத்தமாகும். பட்டம் ஆறு மாதமாவது தள்ளிப் போகும். கிடைக்காமலே போனாலும் போகலாம்.

பிரமிளா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“நாளைக்குக் காலையில யூனிவர்சிட்டி சுப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன். அது பயமில்ல எனக்கு. அத்தகிட்ட எப்படிச் சொல்றது? நீங்க கூட வாங்கக்கா.”

7

அமராவதியக்கா புன்னகைத்தார். “பரவால்லம்மா, தப்பு செய்றது மனுச இயற்கை” என்று மருமகளின் தலையை வருடி—

[இந்தப் பகுதியை அவரிடமே படித்துக் காட்டினேன். “நான் எங்கடி சிரிச்சேன்? வெளக்கமாத்தத் தேடுனேன்னு எழுது” என்றார். எழுதுகிறேன்.]

திங்கட்கிழமை சாயங்காலம். அவர் வெந்நீரில் உப்புப் போட்டு முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரமிளா எதிரில் தரையில் உட்கார்ந்து, டின், கிராம், மில்லிலிட்டர் எல்லாம் சொல்லி முடித்தாள். அவர் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

“அப்ப அம்சா கைக்கு என்னால இல்லையா?”

“ஒங்க அளவால இல்ல அத்த. ஒங்க அளவு சரி. ஆபீஸ்ல கிளவுஸ் குடுக்காததத்தான் கேக்கணும்.”

“நெசமா?”

“நெசமா அத்த.”

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவரைத் தெரிந்த இத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்ததில்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது பாருங்கள்.

“ரெண்டு மாசம்டி! ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல. எத்தன டின்னுன்னு கேட்ட, அஞ்சுன்னு சொன்னேன். ஒரு டின்னு எவ்வளவு புடிக்கும்னு ஒரு வார்த்த என்னையக் கேட்டியா? தோட்டத்துல அளவுக் கோப்ப இருந்துச்சு, ஒடஞ்சு நாலு வருசமாச்சு. ஒடையறதுக்கு முந்தியே நான் தண்ணி ஊத்திப் பாத்து வெச்சவ. அஞ்சு டின்னு, ஒன்னரை லிட்டரு!”

“அப்பறம் ஏன் அத்த கூட்டத்துலயே சொல்லல?”

“ஒனக்கு எதுத்தாப்புல எந்திரிச்சு, நீ சொல்றது தப்புன்னு சொல்லச் சொல்றியா? அம்புட்டுப் பேரு முன்னாடியா?” என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. “நீ அம்புட்டு நல்லா பேசுன. கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமாயிருச்சு. நாந்தான் தப்பா அளந்து வெச்சிருக்கேன் போலன்னு.”

பிரமிளா அவர் மடியில் விழுந்துவிட்டாள். அவர் தள்ளிவிடவில்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி, “நீயுமா மவுரீனு?” என்றார். ஆமாம்க்கா என்றேன். அவர் எழுந்து போய் மூன்று தட்டை ணங் ணங்கென்று வைத்தார். குழம்பை ஊற்றும்போதும் திட்டிக்கொண்டேதான் ஊற்றினார். அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன் என்று திலீப் பிறகு சொன்னான்.

8

சுப்பர்வைசர் ஆறு மாதம் என்றார். பிரமிளா சரி என்றாள். நான் திருத்திய பக்கங்களைக் கோத்து, செவ்வாய்க்கிழமை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். அமராவதியக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார்.

“இதுல நான் எங்க?”

பிரமிளா விரல் வைத்துக் காட்டினாள்: S₇.

“என்னாது இது?”

“மருந்து வேல செய்ற எல்லாருக்கும் S அத்த. கீழ இருக்கற சின்ன நம்பர்தான் யாரு என்னன்னு பிரிச்சுக் காட்டும். நீங்க ஏழாவது ஆளு. பேரு போடக்கூடாது. எதிக்ஸ் ரூல், யாருக்கும் பாதிப்பு வந்துடக்கூடாதுன்னு.”

அவர் அந்தச் சின்ன ஏழின் மேல் தன் விரலை வைத்தார். எனக்குப் பெருமையான ஏழு அது. இடைவெளி, உயரம் எல்லாம் கச்சிதம்.

“தப்புன்னு சொன்னப்ப ஊருக்கே தெரிஞ்சுச்சு, அது நாந்தான்னு” என்றார். “சரின்னு வந்ததும் நான் ஏழா?”

பிரமிளா என்னைப் பார்த்தாள். நான் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் சின்ன எண்களை எழுத்துகளுக்குக் கீழே தொங்கவிட்டிருப்பேன்! ஒன்றாவது வாய் திறந்து கேள்வி கேட்கும் என்று நினைத்ததில்லை. விதி விதிதான், மாற்ற முடியாது என்று பிரமிளா மெதுவாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

9

புதன்கிழமை காலை. தோட்ட ஆபீஸ் வாசலில் என் கார் நிற்கிறது. பிரமிளா கடிதத்தோடு உள்ளே போயிருக்கிறாள். மார்ச் மாதம் தான் சொன்னது தவறு, கலந்த அளவு சரி என்று கையெழுத்துப் போட்ட கடிதம். இந்த அலகை அச்சில் போட்டவள் நான் என்று கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரட்டு முடிந்து பெண்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு கடக்கிறார்கள். அம்சவள்ளியும் இருக்கிறாள், காரை ஒருமுறை பார்த்தாள். அமராவதியக்கா முன்சீட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறார்.

“இதப்பத்திக் கத எழுதுறியாமே. பிரமிளா சொன்னா” என்றார். “அதுல என் பேரு என்ன?”

“கலாவதின்னு வெச்சிருக்கேன்க்கா. ஒரு பாதுகாப்புக்கு.”

“யாருக்குப் பாதுகாப்பு?”

வீட்டுக்கு வந்து வரைவு முழுவதிலும் கலாவதியை எடுத்துவிட்டு அவருடைய பெயரையே போட்டேன். அதற்குப் பிறகு எழுதியதுதான் நீங்கள் இதுவரை படித்தது.

இனி முடிவு உங்களுடையது. ஆபீஸ் கதவு திறந்ததும் மேனேஜர் என்ன சொன்னார், அம்சவள்ளி வந்து கார்க் கதவைத் தட்டினாளா, ஆறு மாதம் கழித்து பிரமிளாவுக்குப் பட்டம் கிடைத்ததா, எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நான் எழுதினால் அழகாக்கிவிடுவேன். கேள்விக்குறி எங்கே நின்றாலும் எடுத்துவிடுகிற கை இது. அதனால்தான் இவ்வளவும் வந்தது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பொருத்தமாக, உங்களுக்குத் தெரிந்த மேனேஜர்களையும் தோழிகளையும் வைத்து.

பெயர்களையும் மாற்றிக்கொள்ளலாம். பிரமிளாவுக்கு அது உண்மைப் பெயர் இல்லை. திலீப்பும் அம்சவள்ளியும் வேறு பெயர்க்காரர்கள். நானும் மவுரீன் இல்லை.

ஒரே ஒரு பெயரை மட்டும் தொடாதீர்கள். நீங்கள் எந்த முடிவு எழுதினாலும், இருபத்தொரு வருடம் மருந்தைச் சரியான அளவில் கலந்தவர் யார் என்று யாராவது கேட்டால், முழுசாகச் சொல்லுங்கள்: அமராவதி த/பெ சன்னாசி.